திருவிழா பேனர், அழைப்பிதழ், டீசட்டை: அச்சுக்குப் போகும் ஃபைலை எப்படித் தயார் செய்வது?

தம்பி, நீங்கள் கேட்டது இது. சுங்கை சிப்புட் பக்கத்தில் உங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மூன்று பொருள் அச்சடிக்க வேண்டும்: பத்துக்கு நாலு அடி பேனர், ஏ5 அளவில் இரண்டு பக்க அழைப்பிதழ், முதுகில் பழைய ரப்பர் ஆலைப் படம் போட்ட டீசட்டை. தோட்டத்தை விட்டுக் கிள்ளான், ஜொகூர் என்று போனவர்களெல்லாம் அன்றைக்கு ஒன்றுகூடுகிறார்கள். டிசைன் வேலையைச் செயலவை உங்களிடம் கொடுத்திருக்கிறது. கைப்பேசியில் செய்து புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கடைக்கு அனுப்பினால், "இந்த ஃபைல் ஆகாது" என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது.

கடைக்காரர் சொன்னது சரிதான், ஆனால் காரணத்தையும் சொல்லியிருக்க வேண்டும். அச்சகத்தில் வந்து சேரும் ஃபைல்களைத் திறந்து பார்ப்பது என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்று பொருளுக்கும் ஒரே ஃபைல் உதவாது. டிசைனைத் தொடங்கும் முன்பே கடைக்கு நேரில் போய், எந்த முறையில் அடிப்பார்கள், வெட்டி முடித்த அளவு என்ன, ஓரத்தில் எவ்வளவு கூடுதல் வேண்டும், எந்த வகை ஃபைல் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பேனரைப் பெரிய இங்க்ஜெட் இயந்திரத்தில் டார்ப்பாலின் மேல் அடிப்பார்கள். அழைப்பிதழ் ஆயிரக்கணக்கில் என்றால் தகடு செய்து அடிக்கும் ஆஃப்செட், நூற்றுக்கணக்கில் என்றால் தகடில்லாமல் நேராக அடிக்கும் டிஜிட்டல். டீசட்டைக்கு மூன்று வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். உங்கள் டவுன் கடை ஈப்போவுக்கு அனுப்பி அடித்து வாங்குகிறது என்றால், அங்கே அடிப்பவர் என்ன கேட்கிறாரோ அதுதான் கணக்கு.

இப்போது பிக்சல். கையில் பிடித்துப் படிக்கிற எதற்கும், அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருக்க வேண்டும். ஏ4 தாளை நிறைக்கும் படத்துக்கு 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். புலனத்தில் சாதாரணமாக அனுப்பும் படமோ நீளப் பக்கத்தில் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். 1600-ஐ 300-ஆல் வகுத்துப் பாருங்கள், ஐந்தேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். அந்தப் படம் தெளிவாக அச்சாகும் அகலம் அவ்வளவுதான். அதையே பத்தடி பேனருக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 13 பிக்சல்தான் மிஞ்சும், அம்மன் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். மென்பொருளில் அந்த எண்ணை 300 என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. நாலு பேருக்கு வைத்த குழம்பில் தண்ணீர் ஊற்றி நாற்பது பேருக்குப் பரிமாறுகிற கதைதான் அது. புலனத்தில்தான் அனுப்ப முடியும் என்றால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள், ஃபைல் அப்படியே போய்ச் சேரும்.

சின்னங்களில் இன்னொரு சிக்கல். தமிழ்ப்பள்ளிச் சின்னம், நன்கொடை தந்த கம்பெனியின் சின்னம் எல்லாம் யாரோ முகநூலிலிருந்து எடுத்துக் கொடுத்ததாக இருக்கும். அவர்களிடமே வெக்டார் ஃபைல் கேளுங்கள். கோடுகளைக் கணக்காகச் சேமித்து வைக்கும் வகை அது, சட்டைப் பையளவிலும் பேனர் அளவிலும் விளிம்பு கூர்மையாகவே வரும். ஏஐ, இபிஎஸ், எஸ்விஜி, பிடிஎஃப் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும். ஜேபெக் படத்தைப் பிடிஎஃப்புக்குள் போட்டுச் சேமித்தால் அது வெக்டார் ஆகிவிடாது. 800 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள், விளிம்பு உடைந்தால் அது படம்தான். வேறு வழியே இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் கையால் மேலே வரைந்து எடுத்துவிடலாம். எளிய சின்னமென்றால் ஒரு மாலை வேலை.

ஆலைப் படத்துக்கு வருகிறேன். உங்கள் டீசட்டையின் உயிரே அதுதான், அதற்கு அக்கறையாக நேரம் செலவிடுங்கள். செம்பனை வந்த பிறகு பல தோட்டங்களில் ரப்பர் ஆலை நின்ற இடமே தெரியாமல் போய்விட்டது. யாரோ ஒரு பாட்டி வீட்டு ஆல்பத்தில் இருக்கிற படம்தான் மிச்சம். அதைக் கைப்பேசியால் மேலிருந்து படம் பிடிக்காதீர்கள். விளக்கு வெளிச்சம் பளபளக்கும், ஓரங்கள் கோணும். தட்டையான ஸ்கேனர் உள்ள ஒருவரிடம் கொண்டு போங்கள். ஆல்பத் தாளில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்த்து எடுக்காமல் தாளோடு சேர்த்து வையுங்கள். கண்ணாடியை முதலில் துடைத்துவிட்டு 600 டிபிஐயில் (அதாவது அங்குலத்துக்கு 600 பிக்சலில்), கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரிலேயே ஸ்கேன் செய்து, ஜேபெக் போலத் தரம் குறைக்காத டிஃப் ஃபைலாகச் சேமியுங்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படம் 600-இல் 2400-க்கு 3600 பிக்சல் வரும். டீசட்டை முதுகில் 12 அங்குல அகலத்துக்கு அது சரியாகப் பொருந்தும். படம் அதைவிடச் சின்னதாக இருந்தால் 1200-க்குப் போங்கள்.

பழைய ஸ்டூடியோ படங்கள் சிலவற்றில் தாளே தேன்கூடு மாதிரி சொரசொரப்பாக இருக்கும். ஸ்கேன் செய்தால் அந்த வடிவம் முகங்களின் மேல் வந்து உட்காரும். அப்படிப்பட்ட படத்தை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகத் திருப்பியும் ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பாதி ஒளிபுகும்படி பொருத்தினால் சொரசொரப்பு பெரிதும் அடங்கும். நாளிதழில் வந்த படமென்றால் அச்சுப் புள்ளிகளை மறைக்க ஸ்கேனரில் டிஸ்கிரீன் என்ற தேர்வைப் போடுங்கள். கீறல், பூஞ்சைக் கறை போன்றவற்றைத் துடைக்கலாம். ஆனால் தானாகத் தெளிவாக்கும் செயலிகளில் ஆட்களின் முகத்தைக் கொடுக்காதீர்கள். அவை கண்ணையும் வாயையும் ஊகித்து வரைந்துவிடும். ஆலை வாசலில் நிற்பவர் யாரோ ஒருவருடைய அப்பா, அவர் முகம் மங்கலாக இருந்தாலும் அவருடைய முகமாகவே இருக்கட்டும்.

செயற்கை நுண்ணறிவில் அம்மன் படம் செய்து போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கை எத்தனை, எந்தக் கையில் என்ன ஆயுதம் என்பதெல்லாம் தப்பிவிடலாம், அதில் வரும் தமிழ் எழுத்தும் பல நேரம் பிழையாக இருக்கும். அளவும் சிறிதாக இருக்கலாம், 1024 பிக்சல் என்றால் அச்சில் ஒன்பது செண்டிமீட்டர்கூட வராது. உங்கள் கோயில் அம்மனையே அலங்காரத்துக்குப் பிறகு நல்ல கேமராவில் எடுத்துப் போடுங்கள். குருக்களிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது நிறம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அதாவது ஆர்ஜிபி. அழைப்பிதழும் பேனரும் அச்சாவது சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையில், அதாவது சிஎம்ஒய்கேயில். திரையில் கண்ணைப் பறிக்கிற காவியும் வாழைக்குருத்துப் பச்சையும் மயில் நீலமும் தாளில் அதே பளிச்சோடு வராது. தொடக்கத்திலேயே ஃபைலை சிஎம்ஒய்கேயில் வைத்து டிசைன் செய்தால் கடைசியில் ஏமாற்றம் இருக்காது. எண்கள் வேண்டுமானால் இவற்றிலிருந்து தொடங்கலாம்: மங்கலமான மஞ்சளுக்கு மஞ்சள் மை 100, மெஜந்தா 15. குங்குமச் சிவப்புக்கு மெஜந்தா 100, மஞ்சள் 100, சியான் 10. நீலத்துக்கு சியான் 100 வைத்தால் மெஜந்தாவை 60, 70-க்கு மேல் ஏற்றாதீர்கள், ஊதாவாகிவிடும். படிக்கிற எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100. நாலு மையும் கலந்த கறுப்பில் சின்ன எழுத்து அடித்தால், தாள் இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல் விழும். பெரிய கறுப்புப் பரப்புக்கு மட்டும் சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 வைத்துக்கொள்ளலாம்.

அழைப்பிதழுக்கு வெட்டு ஓரம் முக்கியம். ஏ5 என்பது 148-க்கு 210 மில்லிமீட்டர். பின்னணி நிறம் ஓரம் வரை போகிறதென்றால் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூட்டி 154-க்கு 216 ஆகச் செய்யுங்கள். கத்தி கொஞ்சம் விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாது. எழுத்து எதுவும் வெட்டு ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் வரக்கூடாது. கான்வாவில் செய்கிறீர்கள் என்றால் பிடிஎஃப் பிரிண்ட் என்று இறக்குங்கள், வெட்டுக் குறியும் ஓரக் கூடுதலும் சேர்க்கும் தேர்வு அங்கேயே இருக்கும்.

இனிமேல் சொல்வதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நம்முடைய ஃபைல்களில் அதிகம் கெட்டுப்போவது தமிழ் எழுத்துதான். உங்கள் கணினியில் அழகாகத் தெரிந்த 'கோயில்', கடைக் கணினியில் திறக்கும்போது கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும், கால் தனியே விலகும், நடுவில் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். கடையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது தப்பு என்றே அவருக்குத் தெரியாது. அப்படியே பத்தடிக்கு அடித்துச் சுருட்டிக் கொடுத்துவிடுவார். அம்மன் பெயர் உடைந்து சாலையோரம் தொங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை, ஏனென்றால் ஐந்து நிமிட வேலையில் அதைத் தடுத்திருக்கலாம்.

அந்த ஐந்து நிமிட வேலை, எழுத்தையெல்லாம் வடிவக் கோடுகளாக மாற்றிவிடுவது. கோரல்டிரா மென்பொருளில் எழுத்தைத் தேர்ந்து கண்ட்ரோல்-க்யூ விசைகளை அழுத்துங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-ஓ. இங்க்ஸ்கேப்பில் ஷிஃப்ட்-கண்ட்ரோல்-சி. மாற்றிய பிறகு கடையில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் பிழை திருத்த முடியாது, அதனால் மாற்றும் முன்பு ஒரு பிரதியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

சில நேரம் உங்கள் கணினியிலேயே எழுத்து உடையும். அது எழுத்துருவின் குற்றமல்ல, மென்பொருளின் அமைப்பு. இல்லஸ்ட்ரேட்டரில் முன்தேர்வுகளில் (பிரெஃபரன்சஸ்) டைப் பகுதிக்குப் போய் இண்டிக் ஆப்ஷன்ஸைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு பத்திப் பலகையில் (பாராகிராஃப் பேனல்) மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் கம்போசரைத் தேர்ந்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். இன்டிசைனில் அதன் பெயர் வேர்ல்ட்-ரெடி கம்போசர். இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லையே இல்லை.

போன தலைமுறைச் செயலாளர் வைத்திருந்த பழைய அழைப்பிதழ் ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து தெரியலாம். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் வருவதற்கு முந்திய எழுத்துருவில் தட்டியது அது. நம் மலேசிய நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய காலத்திலிருந்து, யூனிகோட் எங்கும் பரவும் வரைக்கும் பல குறியீட்டு முறைகள் புழங்கின. யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, மாற்றியபின் வரி வரியாகப் படித்துப் பாருங்கள். நம் கோயில் பெயர்களில் முதலில் நிற்கும் ஸ்ரீயைத் தனியாகக் கவனியுங்கள். அதை ஸ வைத்தும் தட்டலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ வைத்தும் தட்டலாம். சில எழுத்துருக்கள் இரண்டில் ஒன்றைத்தான் கூட்டெழுத்தாகக் காட்டும், மற்றதில் ஸ் தனி, ரீ தனி என்று பிரிந்து நிற்கும். பிரிந்தால் இன்னொரு வழியில் தட்டிப் பாருங்கள், அல்லது எழுத்துருவை மாற்றுங்கள்.

எழுத்துருவுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், கட்டமரான், பாலூ தம்பி எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் தடையில்லாத உரிமத்தோடு கிடைக்கின்றன. பேனர் தலைப்புக்கும் டீசட்டைக்கும் பாலூ தம்பி போலத் தடித்தது நன்றாக நிற்கும். தடித்த வகை இல்லாத எழுத்துருவை மென்பொருளின் போல்ட் பொத்தானால் தடிக்க வைக்காதீர்கள், ண, ஞ இவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டுவதும் வேண்டாம். இங்கிலீஷுக்கு அது அழகு, தமிழில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகும். அழைப்பிதழில் நன்கொடையாளர் பட்டியலை இடம் போதவில்லை என்று ஆறு, ஏழு பாயிண்டுக்குச் சுருக்கினால் புள்ளிகள் மறைந்து, ல எது ல் எது என்று தெரியாது. ஒன்பதுக்குக் கீழே போகாதீர்கள். இடமில்லையென்றால் தாளைப் பெரிதாக்குங்கள்.

டீசட்டைக்கான மூன்று வழிகளில் முதலாவது ஸ்கிரீன் பிரிண்ட், வலை கட்டிய மரச்சட்டம் போன்ற சட்டத்தின் வழியே மையைத் தள்ளி அடிப்பது, நிறத்துக்கு ஒரு சட்டம் வேண்டும். ஒரு நிறம், நூறு சட்டை என்றால் விலைக்கும் உழைப்புக்கும் இதை அடிக்க ஆளில்லை. இரண்டாவது டிடிஎஃப், படத்தை ஃபிலிமில் அடித்துச் சூட்டில் அழுத்தி ஒட்டுவார்கள். பல நிறமாக, கொஞ்சம் சட்டைதான் வேண்டும் என்றால் இது பொருந்தும். மூன்றாவது சப்ளிமேஷன், ஜெர்சித் துணிக்கு ஏற்றது. பாலியெஸ்டரில்தான் பிடிக்கும், பருத்தியில் நிற்காது, வெள்ளை மையும் அதில் கிடையாது.

உங்களுக்கு நான் சொல்வது ஸ்கிரீன் பிரிண்ட், கரும்பச்சைச் சட்டை, வெண்மஞ்சள் ஒரே மை. பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அந்த ஒரு நிறம் கம்பீரமாக இருக்கும். ஃபைலை கிரேஸ்கேலில் (கறுப்பு வெள்ளைச் சாயலில்), அச்சாகும் அளவில், 300-இல் கொடுங்கள். படத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிக்கும் வேலையைக் கடையே செய்யட்டும், அவர்கள் சட்டத்தின் வலை எவ்வளவு நெருக்கம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: கறுத்த சட்டையில் வெளிர் மை அடிக்கும்போது படத்தின் வெளிச்சமான பகுதியில்தான் மை விழ வேண்டும். வழக்கம் போல இருட்டான பகுதியில் மை அடித்தால் ஆட்களெல்லாம் நெகட்டிவ் போலத் தெரிவார்கள். ஆலைக்குப் பின்னாலிருக்கும் வெற்று வானத்தை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் முதுகில் பெரிய மைத் திட்டு காய்ந்து அட்டை மாதிரி விறைக்கும். துணியில் மை பரவும் என்பதால் தமிழ் எழுத்தின் புள்ளி ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

செயலவை பல நிறம் கேட்டு டிடிஎஃப்புக்குப் போனால், பின்னணி இல்லாத பிஎன்ஜி ஃபைல் வேண்டும். ஜேபெக் கொடுத்தால் படத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டியும் சேர்ந்து வரும். அம்மனைச் சுற்றி மெல்ல மங்கிப் போகும் ஒளிவட்டமும் வேண்டாம். டிடிஎஃப்பில் எல்லா நிறத்துக்கும் அடியில் வெள்ளை மை விழும், அரைகுறையாக ஒளிபுகும் இடத்தில் அந்த வெள்ளை வெளியே தெரிந்து அழுக்குப் படிந்தது போல ஆகிவிடும். எந்த முறையானாலும் ஒரே ஒரு சட்டையை முதலில் அடித்து வாங்கி, துவைத்துக் காயவைத்துப் பார்த்துவிட்டு மீதிக்குச் சரி சொல்லுங்கள்.

பேனர் இவற்றைவிட எளிது. தூரத்திலிருந்து பார்ப்பதால் முழு அளவில் அங்குலத்துக்கு 100 பிக்சல் தாராளம், பத்துக்கு நாலு அடிக்கு 12000-க்கு 4800 வரும். கணினி திணறினால் கால் அளவில், 30-க்கு 12 அங்குலமாக, 400-இல் செய்து ஃபைல் பெயரிலேயே 'கால் அளவு' என்று எழுதிவிடுங்கள். ஓரத்தை மடித்துக் கயிறு கட்ட ஓட்டை போடுவார்கள், அதனால் சுற்றிலும் மூன்று அங்குலத்துக்கு எழுத்து வேண்டாம். எழுத்துயரத்துக்குப் பழகிய கணக்கு ஒன்று உண்டு, பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம். காரில் போகிறவர் நூறடியில் படிக்க வேண்டுமென்றால் பத்தங்குல எழுத்து. கோயில் பெயர், தேதி, இடம் மூன்றும் அந்த அளவில் வந்தால் போதும். ஒன்பது பொறுப்பாளர்களின் படத்தைப் பேனரில் வரிசையாக வைக்கச் சொன்னால், அழைப்பிதழில் வைக்கலாம் என்று பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். சாலையோரம் கட்டுவதென்றால் நகராண்மைக் கழகத்தின் அனுமதியும் வேண்டும். மலாய் வரி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், அனுமதிச் சீட்டுக்கு எங்கே இடம் விட வேண்டும் என்று அங்கே கேட்டுக்கொண்டு டிசைனை முடியுங்கள்.

கடைசியாகச் சரிபார்ப்பு. திரையில் படித்தால் பிழை கண்ணில் படாது. கடைக்குப் போகும் அதே பிடிஎஃப்பை வீட்டுப் பிரிண்டரில் அடித்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் கொடுங்கள். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் அவர் பெயர் வரும் வரியை அனுப்பி, தலைப்பெழுத்து சரிதானா என்று கேட்டுவிடுங்கள்.

ஃபைல்களை கூகுள் டிரைவில் போட்டு இணைப்பைக் கடைக்கு அனுப்புங்கள். பெயரில் பொருள், அளவு, தேதி மூன்றும் இருக்கட்டும்: 'பேனர்_10x4அடி_கால்அளவு_தேதி' என்கிற மாதிரி. 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு' என்று வைத்தால் கடையில் பழையதை எடுத்து அடித்துவிடுவார்கள். எழுத்தைக் கோடுகளாக மாற்றாத பிரதிகளையும் ஆலைப் படத்தின் டிஃப் ஃபைலையும் கோயில் பெயரில் உள்ள மின்னஞ்சல் கணக்கிலேயே சேமித்து வையுங்கள், அடுத்த ஆண்டுச் செயலவை மாறினாலும் கைக்குக் கிடைக்கும். ஸ்கேன் எடுத்ததும் அதை டாக்குமெண்டாக எனக்கும் அனுப்புங்கள், எந்த அளவு வரை தாங்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.